பயற்றம் விசுக்கோத்து: கோதுமை மா வேண்டியதில்லை

சப்பிரகமுவத் தோட்டங்களில் காலையும் மாலையும் ரொட்டி உண்பது பல குடும்பங்களின் வழக்கம். ரொட்டிக்குரிய கோதுமையோ கப்பலில் வருவது. 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் அதன் விலை பன்மடங்கு உயர்ந்தபோது இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பட்ட பாட்டை யாவரும் அறிவர். 2016ஆம் ஆண்டின் சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளுள் வயதிற்கேற்ற உயரமில்லாதோர் நாடெங்கும் 17 வீதம். தோட்டப் பகுதிகளில் ஏறக்குறைய 32 வீதம். இதற்குக் காரணங்கள் பல. ஆயினும் வளரும் உடலுக்குப் புரதம் இன்றியமையாதது.

100 கிராம் பயற்றில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. கோதுமை மாவில் 10, அரிசியில் 7. யாழ்ப்பாணத்தாரின் பயற்றம் பணியாரமும் சிங்கள மக்களின் முங் கவுமும் இப்பயற்று மாவினால் ஆனவையே. எண்ணெயிற் பொரிக்காது சுட்டெடுத்தால் விசுக்கோத்து ஆகும்.

கோதுமை மாவைப் பிசைந்தால் உதிராமல் நிற்பது அதிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதத்தினால். சிலருடைய குடலுக்கு அது ஒவ்வாது. வயிற்றோட்டமும் மெலிவும் உண்டாகும். ஒல்லாந்து மருத்துவர் டிக்கே இதனை ஆராய்ந்தவர். 1944–45 பஞ்சத்தில் ரொட்டியின்றி இருந்த நோயாளிப் பிள்ளைகள் தேறியமை அவர் கருத்தை உறுதிப்படுத்திற்று; 1950இல் தம் ஆய்வை வெளியிட்டார். ஏனையோருக்குக் குளூட்டனால் தீங்கில்லை. இந்நோய் உண்டென ஐயுறுவோர் தாமாகவே கோதுமையை நிறுத்தாது, முதலில் மருத்துவரிடம் காட்டுக.

வேண்டுவன: வறுத்த பயற்று மா 200 கிராம், வறுத்த அரிசி மா 100 கிராம், எள்ளு 50 கிராம், கித்துள் கருப்பட்டி 150 கிராம், தேங்காயெண்ணெய் 4 மேசைக்கரண்டி, முட்டை ஒன்று, உப்புச் சிறிது.

செய்முறை: பயற்றை மணம் வரும்வரை வறுத்து உடைத்து, சுளகிற் புடைத்து உமி நீக்கி, அரைத்து அரிக்க. கருப்பட்டியைச் சிறிது நீரிற் காய்ச்சிப் பாணியாக்கி, இளஞ்சூடாக ஆறவிடுக. கொதிக்கும் பாணியில் முட்டையை இட்டால் திரைந்துவிடும். யாவற்றையும் சேர்த்துப் பிசைந்து அரைமணி நேரம் மூடிவைக்க. உதிர்ந்தால் ஒரு கரண்டி தேங்காய்ப் பால் சேர்க்க. 24 உருண்டைகளாக்கித் தடிப்பாகத் தட்டுக, மெல்லியதாயின் உடையும்.

போறணை இல்லாத வீட்டில், அடிகனமான பாத்திரத்தில் இருவிரற் கனத்திற்கு மணல் பரப்பிச் சூடாக்கி, உள்ளே தாங்கியின்மேல் தட்டை வைத்து மூடி, மூடியின்மேலும் தணல் இடுக. 15 முதல் 20 நிமிடத்திற் சிவந்துவிடும். சூட்டோடு எடுத்தால் நொறுங்கும், ஆறியபின் எடுக்க. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 3 கிராம் புரதம் இருக்கும். நோயாளிக்குச் செய்வதாயின் அரிதட்டிலும் அரைக்கும் பொறியிலும் கோதுமை மா ஒட்டியிராமற் பார்த்துக்கொள்க.

கமக்காரரே, பயறு 60 முதல் 70 நாளிற் பயன் தரும். எம்பிலிப்பிட்டியப் பக்கத்து வயல்களில் பெரும்போகத்திற்கும் சிறுபோகத்திற்கும் இடையே, நீரும் காலமும் இடந்தந்தால், அதனை விதைக்கலாம். வேர்முடிச்சுகள் மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும். தோட்ட வீடுகளில் இவ்விசுக்கோத்து வழக்கமானால் உங்கள் பயற்றுக்கு அண்டையிலேயே சந்தை உண்டு. விளைவில் ஒரு பங்கை முதலில் உங்கள் பிள்ளைகளுக்கு ஒதுக்குவீர்களாக.