நிற்பவருக்கும் ஓர் இருக்கை

பழைய ஜவுளிக்கடைகளை நினைவில் வைத்திருக்கும் உறுப்பினர்கள் நம் சங்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். தரையில் மெத்தை, அதன்மேல் வெள்ளை விரிப்பு. வந்தவரும் உட்கார்ந்து புடவை பார்ப்பார், எடுத்துக் காட்டுபவரும் உட்கார்ந்தே விரித்துப் போடுவார். பிறகு கவுண்ட்டர் வந்தது, மாடிக்கு மேல் மாடி எழும்பியது. எழுந்து நின்ற விற்பனையாளர் மறுபடி உட்காரவே இல்லை.

உட்காரும் உரிமைக்காகக் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடை ஊழியப் பெண்கள் போராடினார்கள். கேரளம் 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழகச் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் மசோதா வந்து, 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது. ஊழியர் அனைவருக்கும் தகுந்த இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும் என்பது அதன் சாரம். தொழிற்சாலைச் சட்டத்தில் இத்தகைய விதி 1948-லேயே உண்டு. கடைக்காரர்களாகிய நாம்தான் பிந்திவிட்டோம்.

சட்டம் வந்தபின் ஸ்டூல் வாங்கிய பெரிய கடைகள் உண்டு. ஆனால் அது எங்கே கிடக்கிறது? ஒரு மூலையில், அட்டைப்பெட்டி அடுக்கியபடி! இன்ஸ்பெக்டர் வந்தால் காட்டலாம். மதியம் இரண்டு மணிக்குத் தளத்தில் ஆளே இல்லாத நேரத்தில் ஒரு பெண் அதில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். தலைக்கு மேல் கேமரா வேறு. கல்லாவில் நமக்கு மெத்தை வைத்த நாற்காலி. அதைப் பற்றி எந்த வாடிக்கையாளரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை.

"உட்கார்ந்திருந்தால் வருகிறவருக்கு மரியாதைக் குறைவு" என்கிறார்கள். ஆள் வந்தால் எழுந்திருக்க அவர்களுக்குத் தெரியாதா? காலை முதல் நின்று, கால் வீங்கி, நரம்பு சுருட்டிக்கொண்டவர் மாலைக் கூட்டத்தில் எப்படிச் சிரித்த முகத்தோடு துணி காட்டுவார்? பழகிய ஆள் வேலையை விட்டுப் போனால், சரக்கு இருக்கும் இடம் தெரியாத புது ஆளை வைத்துக்கொண்டு தவிப்பவர்களும் நாம்தான்.

தீபாவளி வாரத்தில் உட்கார வாய்ப்பே வராது, உண்மைதான். அந்த நாட்களில் ஆட்களை முறை மாற்றி இறக்க வேண்டும். நான்கு மணி நேர வேலைக்குப்பின் ஒரு மணி நேர ஓய்வு என்பதும் அதே 1947 சட்டத்தில் இருப்பதுதான். இடம் குறுகலான கடைக்குச் சுவரோடு மடங்கும் பலகை போதும். உட்காரலாம் என்பதை மட்டும் சூப்பர்வைசர் சொன்னால் எடுபடாது, முதலாளியே தளத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.