கடன்காரர் தொட முடியாத பணம்!

ஒரு மளிகைக் கடைக்காரர். கடையைப் பெரிதாக்க 10 லட்சம் ரூபாய் கடன் வாங்கினார். வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. ஒருநாள் திடீரென்று மாரடைப்பு. ஆள் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் வாசலில் கடன்காரர்கள்!

"உங்கள் வீட்டுக்காரர் வாங்கிய கடன் இருக்கிறதே, அம்மா?" என்று கேட்டார்கள்.

கடை போயிற்று. பாங்கியில் இருந்த பணமும் போயிற்று. அவர் எடுத்திருந்த இன்சூரன்ஸ் பணம்? அதாவது மிஞ்சுமா?

இது கதைதான். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடியது. அந்தப் பணத்துக்கு உறுதியான வேலி உண்டா, இல்லையா? பாலிசி எடுத்த அன்று அவர் போட்ட ஒரு கையெழுத்தில் இருக்கிறது விஷயம்.

சாமி நகை யாருடையது?

கோவில் நகைப் பெட்டியின் சாவி தர்மகர்த்தாவிடம் இருக்கும். ஆனால் நகை அவருடையதா? இல்லை, சாமியுடையது. தர்மகர்த்தா ஊரெல்லாம் கடன் வாங்கினாலும், அவருடைய கடனுக்காகச் சாமி நகையை ஜப்தி செய்ய முடியாது.

'டிரஸ்டு' என்பதும் இப்படித்தான். பொருள் ஒருவர் பொறுப்பில் இருக்கும். பலன் வேறொருவருக்குப் போகும். பொறுப்பில் இருப்பவர்தான் 'டிரஸ்டி'.

பழைய சட்டம்

1874-ம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. 'திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம்' என்று பெயர். அதன் 6-வது பிரிவு சொல்வது இதுதான்:

ஒருவர் தம் உயிர் மீது பாலிசி எடுக்கிறார். அது மனைவிக்கு, அல்லது பிள்ளைகளுக்கு, அல்லது இருவருக்கும் என்று பாலிசியிலேயே எழுதுகிறார். அந்தக் கணமே அது டிரஸ்டு ஆகிவிடும்! அந்தப் பணம் அவருடைய சொத்தில் சேராது. அவருடைய கடன்காரர்கள் அதில் கை வைக்க முடியாது.

இந்துக்களுக்கு இது பொருந்துமா என்று முன்பு சந்தேகம் இருந்தது. 1923-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்து, முஸ்லிம், சீக்கியர், ஜைனர் எல்லோருக்கும் உண்டு என்றார்கள். அன்று இந்தச் சட்டம் அமலில் இருந்த மற்ற பகுதிகளில் 1923 ஏப்ரல் 1-க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கே இது பொருந்தும். சென்னையில் மட்டும், 1913 டிசம்பர் 31-க்குப் பின் எடுத்தவற்றுக்கே உண்டு!

எப்படிச் செய்வது?

பாலிசிக்கு மனுப் போடும்போதே இதற்கென்று உள்ள படிவத்தைக் கேளுங்கள். மனைவி, மக்கள் பெயரையும், யாருக்கு எவ்வளவு பங்கு என்பதையும் எழுதுங்கள். டிரஸ்டி பெயரையும் எழுதுங்கள். மனைவியே டிரஸ்டியாக இருக்கலாம். டிரஸ்டி இல்லாவிட்டால், பணம் சர்க்காரின் 'அபிஷியல் டிரஸ்டி'யிடம் போய்விடும்.

பாலிசி எடுத்த பிறகு இதைச் சேர்க்க முடியாது. முதல் நாளே செய்ய வேண்டும்.

இன்னொன்று. கொடுத்தது கொடுத்ததுதான். பிறகு கணவர் தம் இஷ்டப்படி அந்தப் பாலிசியை அடகு வைக்கவோ, முறித்துப் பணம் வாங்கவோ முடியாது.

வீட்டை மறைக்கலாமா?

"அப்படியானால் வீட்டையும் டிரஸ்டுக்கு எழுதிவிட்டால் பாங்கியால் ஏலம் போட முடியாதே?" என்று சிலர் நினைப்பார்கள். அது பலிக்காது!

அடமானம் வைத்த வீட்டை யார் பெயருக்கு மாற்றினாலும் அடமானமும் கூடவே போகும். தவணை நின்றுபோனால், 2002-ம் ஆண்டுச் சட்டப்படி பாங்கி நோட்டீசு விடலாம். 60 நாளில் பணம் கட்டாவிட்டால், கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றலாம்.

அடமானம் இல்லாத வீடு என்றாலும், கடன்காரரை ஏமாற்ற எழுதிய பத்திரம் நிற்காது. 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவைக் காட்டி, கடன்காரர் அதை ரத்து செய்யக் கேட்கலாம். பாலிசிக்கும் இதே விதிதான். ஏமாற்றும் எண்ணத்தோடு எடுத்திருந்தால், அந்தப் பணத்திலிருந்தும் கடன்காரர் வசூலிக்கலாம்.

வெள்ளம் வந்த பிறகு கரை கட்ட முடியுமா? கடனும் கஷ்டமும் வருவதற்கு முன், நல்ல மனதோடு கொடுத்ததுதான் நிற்கும்.

அந்தக் கடைக்காரர் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால், கடை போனாலும், அவர் பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்காது.

நீங்கள் பாலிசி எடுக்கப் போகிறீர்களா? கையெழுத்துப் போடும் முன் உங்கள் மனைவியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அந்தப் படிவத்தை இருவரும் சேர்ந்து படியுங்கள்!