கல்லூரி வாசல்வரை – 6: பெயரின் முதல் எழுத்து

அமெரிக்காவின் பல அரசுப் பள்ளிகளில், ஒரு மாணவருக்கு எந்த ஆலோசகர் என்பதைக் குடும்பப் பெயரின் முதல் எழுத்துதான் முடிவு செய்கிறது. ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஒருவர், ‘ஜி’ முதல் ‘எல்’ வரை இன்னொருவர். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்ததும் மதிப்பெண் பட்டியலை அனுப்புபவர் அவர். பள்ளியின் அறிக்கையை எழுதுபவரும், இந்த மாணவர் எப்படிப்பட்டவர் என்று கடிதம் தருபவரும் அவரே.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இடம் தரும் வழக்கம் அங்கே பெயர்பெற்ற தனியார் கல்லூரிகளில் இல்லை. அதனால் அந்தக் கடிதத்துக்குக் கனம் உண்டு. எழுதுகிறவருக்கு மாணவரைத் தெரிந்திருக்க வேண்டுமே! ஓர் ஆலோசகரிடம் 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம். 2022-23 கல்வியாண்டில் நாட்டின் சராசரி 385. பாட அட்டவணை போடுவதும், பொதுத்தேர்வுகளை ஒருங்கிணைப்பதும், சாக வேண்டும்போல் இருக்கிறது என்று கதவைத் தட்டும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் இதே ஆள்தான். கல்லூரிப் பேச்சுக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள். பல பள்ளிகளில் மாணவரிடமே ஒரு படிவத்தைக் கொடுத்து, உன் சிறப்புகளை நீயே எழுதித் தா என்கிறார்கள். கடிதம் அதிலிருந்து பிறக்கிறது.

சில நிமிடங்களில் ஒரு பிள்ளையை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு மிஷெல் ஒபாமாவே சாட்சி. சிகாகோவின் விட்னி யங் பள்ளியில் நன்றாகப் படித்த மாணவி அவர். அண்ணன் கிரெய்க் ஏற்கெனவே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். தானும் அங்கேயே போக வேண்டும் என்று சொன்னபோது, நீ பிரின்ஸ்டனுக்கு ஏற்றவளா என்று ஆலோசகர் சந்தேகப்பட்டதை 2018இல் வெளிவந்த தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். மிஷெல் அங்கே விண்ணப்பித்தார், இடம் கிடைத்தது, 1985இல் பட்டம் பெற்றார். ஆனால் அவருக்கு வழிகாட்ட ஓர் அண்ணன் இருந்தார். பரிந்துரைக் கடிதம் தர, அவரை அறிந்த துணைத் தலைமையாசிரியர் இருந்தார். இந்த இருவரும் இல்லாத பிள்ளை ஆலோசகரின் அறையிலிருந்து வெளியே வந்து என்ன செய்திருக்கும்? என் கவலை முழுவதும் அந்தப் பிள்ளையைப் பற்றியதுதான்.

அதே மிஷெல், வெள்ளை மாளிகையில் ஆண்டின் சிறந்த பள்ளி ஆலோசகரைப் பாராட்டும் விழாவைத் தொடங்கிவைத்தார். அதிபரின் மனைவியாக 2017 ஜனவரியில் அவர் ஆற்றிய கடைசி உரையும் அந்த விழாவில்தான். ஆலோசகர் ஒருவரின் சொல் எவ்வளவு தூரம் போகும் என்பது அவருக்குத் தெரியும்.

இந்த வேலை பெருகிய விதத்திலேயே ஒரு கோணல் இருக்கிறது. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. மறு ஆண்டே அமெரிக்கா தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்து, பள்ளி ஆலோசகர்களைப் பயிற்றுவிக்கப் பணம் ஒதுக்கியது. திறமைசாலிகளைக் கண்டுபிடித்து அறிவியலுக்கு அனுப்புவது நோக்கம். பொறுக்கி எடுப்பதற்காக வந்தவர்களிடம், எல்லாப் பிள்ளைகளோடும் கூட நடக்கும் வேலையை நாடு பின்னால் ஒப்படைத்தது. அதற்குத் தேவையான ஆட்களைத்தான் இன்றுவரை தரவில்லை.

நல்ல ஆலோசகர் கிடைத்தால் என்ன மாறும்? முதல் எழுத்தை வைத்துப் பிரிக்கும் வழக்கமே இதை அளக்க உதவியது. யாருக்கு யார் என்பதில் சிபாரிசுக்கு இடமில்லை அல்லவா? மாசசூசெட்ஸ் மாநிலத் தரவுகளைக் கொண்டு பொருளாதார ஆய்வாளர் கிறிஸ்டின் மல்ஹெர்ன் இதை ஆராய்ந்தார். திறமையான ஆலோசகரிடம் சேர்ந்த பிள்ளைகள் பள்ளியை முடிப்பதும் கல்லூரியில் சேர்வதும் கூடியது. அதிகம் பயன்பெற்றவர்கள் ஏழைப் பிள்ளைகளும் படிப்பில் பின்தங்கியவர்களும். வசதியுள்ள வீட்டில் பணம் கொடுத்துத் தனி ஆலோசகரை அமர்த்திக்கொள்கிறார்கள். அந்தச் சந்தை எவ்வளவு தூரம் கெட்டுப்போகும் என்பதை ரிக் சிங்கர் என்ற தனி ஆலோசகரின் சேர்க்கை மோசடி 2019இல் காட்டியது.

கடிதம் கிடைத்து, இடமும் கிடைத்த பிறகு ஒரு பள்ளம் இருக்கிறது. மே மாதத் தொடக்கத்தில் கல்லூரியைத் தேர்வு செய்கிறார்கள். ஜூனில் பள்ளி மூடுகிறது, ஆலோசகரும் விடுமுறையில் போகிறார். அதன்பிறகுதான் கல்லூரியிலிருந்து தாள்கள் வரத் தொடங்குகின்றன: விடுதிக் கட்டணம், மருத்துவக் காப்பீடு, தடுப்பூசிச் சான்று, கடன் ஒப்பந்தம். வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போனதில்லை என்றால் கேட்க ஆளில்லை. இப்படிக் கோடையிலேயே கழன்றுபோகிறவர்களை பெஞ்சமின் காஸில்மன், லிண்ட்சே பேஜ் என்ற இரு ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். கல்லூரியில் சேரவிருந்தவர்களில், இடத்தைப் பொறுத்து, 10 முதல் 40 சதவீதம் பேர் செப்டம்பரில் எங்குமே இல்லை. கோடையிலும் ஆலோசகர்களுக்குச் சம்பளம் கொடுத்து இந்தப் பிள்ளைகளை அழைத்துப் பேச வைத்தபோது சேர்க்கை உயர்ந்தது. ஒரு மாணவருக்குத் தேவைப்பட்டது இரண்டு, மூன்று மணி நேரம்தான். அந்த இரண்டு மாதச் சம்பளத்தை எல்லாப் பள்ளி மாவட்டங்களும் இப்போதே தங்கள் வரவுசெலவில் சேர்க்க வேண்டும்.

(தொடரும்)