வேகத்துக்கு முன் நிதானம்

கல்யாணக் கோஷ்டியையும் கலெக்டரையும் ஒரே பொறுமையோடு சுமந்து, நம் ஊர்ச் சாலைகளில் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடிய அம்பாசிடர் காரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதே 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் இங்கிலாந்தில் 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கும் உயிராக இருந்தது என்று சொன்னால் வியப்பாக இருக்கலாம். பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 'பி வரிசை' என்று பெயரிட்டு வார்த்த ஒரே குடும்பத்து இரும்புதான் ஓரிடத்தில் குடும்பஸ்தனாக அடங்கி நடந்தது. மற்றோரிடத்தில் வாலிபனாகத் துள்ளி ஓடியது. ஓர் எஞ்சினின் ஸ்வபாவம் அதன் இரும்பில் மட்டும் குடியிருப்பதில்லை. அதற்கு எத்தனை கார்புரேட்டர் வழியாகக் காற்று ஊட்டுகிறோம், அந்தக் காற்றை எவ்வளவு இறுக்குகிறோம், எந்தக் கணத்தில் பொறி மூட்டுகிறோம் என்பவற்றில்தான் அது பெரும்பாலும் அடங்கியிருக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை 'டியூன்' செய்யும் தொழில் முழுவதும் இந்த ஓர் உண்மையின் மீதே நிற்கிறது.

அந்தத் தொழிலின் சூட்சுமங்களை அறிந்துகொள்ள, எம்.ஜி.ஏ.வின் வாரிசாக 1962இல் பிறந்த எம்.ஜி.பி. காரைக் காட்டிலும் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது. ஆக்ஸ்ஃபோர்டு நகரில் சைக்கிள் பழுதுபார்த்துப் பிழைப்பைத் தொடங்கிய வில்லியம் மாரிஸ், பிற்காலத்தில் பெரிய மோட்டார் அதிபராகி நஃபீல்டு பிரபு என்ற பட்டமும் பெற்றவர். அவருடைய 'மாரிஸ் கராஜஸ்' என்னும் விற்பனை நிலையத்தின் முதலெழுத்துகளே எம்.ஜி. அந்த நிலையத்தை நிர்வகித்த செஸில் கிம்பர் என்பவர், சாதாரண மாரிஸ் கார்களின் அடிப்பாகத்தின் மீது அழகும் வேகமும் கூடிய உடல்களை அமைத்து விற்றதிலிருந்து உருவான வாகன மரபு அது. 1929இல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகிலுள்ள அபிங்டன் என்னும் சிற்றூருக்குத் தொழிற்சாலை குடிபெயர்ந்தது. 1980இல் அது மூடப்படும் வரையில் அங்கிருந்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்.ஜி.பி. வகைக் கார்கள் புறப்பட்டு, அவற்றில் பெரும்பகுதி கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றது. 1798 கன சென்டிமீட்டராக விரிக்கப்பட்ட எஞ்சின், 95 குதிரைத்திறன், மணிக்கு நூறு மைலைச் சற்றே தாண்டும் வேகம்: இன்றைக்கு ஒரு சிறிய குடும்பக் கார்கூட எளிதில் எட்டிவிடும் அளவுதான் இது. ஆயினும் அபிமானிகள் அதை விட்டபாடில்லை. ஆகையால், எம்.ஜி. ஒன்றையே கவனிக்கும் தனிப் பட்டறைகள் இங்கிலாந்தின் பல ஊர்களிலும் இன்றளவும் நடந்துவருகின்றன.

அத்தகைய பட்டறைக்கு வரும் காரின் உரிமையாளர் வழக்கமாகச் சொல்வது, வண்டிக்குப் பிக்கப் போதவில்லை, சக்தியைக் கூட்டித் தரவேண்டும் என்பதாகும். அனுபவம் முதிர்ந்த மெக்கானிக் இதைக் கேட்டுக்கொண்டு, எவ்வளவு சக்தி வேண்டும் என்று திருப்பிக் கேட்பதில்லை. வண்டியைத் தூக்கியில் ஏற்றி அதன் அடிவயிற்றைத்தான் முதலில் பார்க்கிறார். எம்.ஜி.பி.க்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. தகடுகளை மடித்தும் பற்றவைத்தும் அமைத்த உடலே அதன் எலும்புமாகும். கதவுகளுக்குக் கீழே இருபுறமும் ஓடும் பெட்டி போன்ற பகுதிகளே திறந்த காரின் முதுகெலும்பு. குளிர்காலத்தில் பனியை உருக்குவதற்காக ஆங்கிலேயச் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள்; அந்த உப்புநீர் இப்பகுதிகளுக்குள் புகுந்து, வெளியே பெயிண்ட் பளபளத்துக் கொண்டிருக்கும்போதே உள்ளே தகட்டை அரித்துவிடுகிறது. அரிப்பு முற்றிய காரை ஜாக்கி வைத்துத் தூக்கினால், உடல் நடுவில் தளர்ந்து, கதவு இறுகிக்கொண்டு திறக்க மறுக்கும். இந்நிலையிலுள்ள வாகனத்துக்கு எஞ்சினில் வலிமை ஏற்றுவது, ஓட்டை விழுந்த படகுக்குப் பெரிய பாய் கட்டுவதற்குச் சமானம். 1988இல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம், பழைய அச்சுகளைத் தேடியெடுத்து எம்.ஜி.பி.யின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது இந்த வியாதி எவ்வளவு பரவியிருந்தது என்பதற்கு ஒரு சாட்சி.

உடல் உறுதி என்று தெரிந்த பிறகே எஞ்சினுக்கு முறை வருகிறது. அங்கும் புதிய பாகம் எதுவும் உடனே வருவதில்லை. நாடி பார்ப்பதுதான் நடக்கிறது. நான்கு சிலிண்டர்களிலும் கம்பிரஷன் ஒரே அளவாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிப்பார்கள். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் வால்வோ ரிங்கோ பழுது என்று பொருள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி அவற்றின் நுனி நிறத்தைப் பார்ப்பார்கள். கரிபடிந்த கறுப்பானால் பெட்ரோல் மிகுதி, வெளிறிய சாம்பலானால் பெட்ரோல் பற்றாக்குறை, பிஸ்கோத்து நிறமானால் சுகம். பிறகு வால்வுகளின் டப்பெட் இடைவெளி. பின்னர் டிஸ்டிரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்டின் இடைவெளி. அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்து அதில் பதினைந்து பங்கு என்பது இரண்டுக்குமே ஏறக்குறைய ஒத்த அளவு. நாலைந்து காகிதங்களை அடுக்கினால் வரும் கனம். இந்த மெல்லிய வெளி கூடினாலோ குறைந்தாலோ எஞ்சின் தன் சக்தியில் ஒரு பகுதியைச் சத்தமின்றி இழந்துவிடுகிறது. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பாகவே பொறி விழவேண்டும். வேகம் கூடக்கூட அது இன்னும் முந்தவேண்டும். அப்படி முந்தச் செய்வது டிஸ்டிரிபியூட்டருக்குள் சுழலும் இரண்டு சிறு எடைக்கற்களும் அவற்றைப் பிடித்திருக்கும் சுருள்வில்களும். அறுபது வருஷம் உழைத்த சுருள்வில் தளர்ந்திருப்பது இயற்கையே. பாயிண்டும் தேய்ந்துபோவதால் அநேகர் இவ்விடத்தில் அதை அகற்றிவிட்டு, தேய்வதற்கு ஒன்றுமில்லாத எலக்ட்ரானிக் பொறி அமைப்பைப் பொருத்திக்கொள்கிறார்கள்.

இனி, இத்தொழிலின் மிக ரசமான பகுதிக்கு வருகிறோம். எம்.ஜி.பி.க்குக் காற்றும் பெட்ரோலும் கலந்து ஊட்டுபவை இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள். ஸ்கின்னர் என்ற செருப்பு வணிகக் குடும்பத்தில் பிறந்த ஒருவர் 1905ஆம் ஆண்டளவில் கண்டுபிடித்த சாதனம் இது. ஆதியில் அதன் துருத்தி தோலால் செய்யப்பட்டிருந்தது என்பது அக்குடும்பத் தொழிலின் வாசனையை நினைவூட்டுகிறது. அதன் யுக்தி எளிமையானது. எஞ்சின் காற்றை இழுக்கும்போது, கார்புரேட்டருக்குள் ஓர் உருளை தானாக மேலே எழும்புகிறது. அதன் அடியில் தொங்கும் ஊசியும் கூடவே எழும்புகிறது. ஊசி நுனியை நோக்கி மெலிந்து செல்வதால், அது உயர உயரப் பெட்ரோல் வரும் துவாரம் அகலமாகத் திறக்கிறது. காற்று எவ்வளவோ, அதற்கேற்ற பெட்ரோல். திடீரென்று ஆக்சிலரேட்டரை மிதித்தால் உருளை சட்டென்று குதித்துவிடாமல், அதன் தலையில் ஊற்றியுள்ள சிறிது எண்ணெய் தடுத்து நிறுத்துகிறது; அந்தக் கணத்தில் இழுவை கூடி, பெட்ரோல் சற்று மிகுதியாக வந்து, வண்டி தயங்காமல் பாய்கிறது. ஆகவே அந்த ஊசியின் ஆகிருதியில்தான் காரின் குணமே எழுதப்பட்டிருக்கிறது எனலாம். அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக்கு ஓர் அளவாக அதன் பருமனைக் குறித்து, நூற்றுக்கணக்கான ஊசி வகைகளுக்கு எழுத்துகளால் பெயர் சூட்டி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு கார்புரேட்டர்களும் சமமாக மூச்சு வாங்குகின்றனவா என்று அறிய, பழைய மெக்கானிக்குகள் ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து அதன் சீறலைக் கேட்பார்கள். மிருதங்கத்தின் ஒரு கண்ணைத் தட்டிச் சுருதி ஏற்றினால் எதிர்க்கண்ணும் மாறிப்போவதைப் போல, ஒன்றைத் திருகும்போது மற்றதும் அசையும். பொறுமையே இங்கு பாதி சாமர்த்தியம். கலவையைச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் உருளையை இம்மியளவு உயர்த்துவார்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். திணறி அணைந்தால் பெட்ரோல் குறைவு. கணநேரம் கூடிப் பின் பழைய நிலைக்கு அடங்கினால் சரி.

காதால் கண்டதைக் கணக்கால் நிரூபிக்கும் கருவியும் இக்காலப் பட்டறைகளில் இருக்கிறது. தரையில் பதித்த உருளைகளின் மேல் பின்சக்கரங்களை நிறுத்திக் கட்டி, நின்ற இடத்திலேயே காரை முழு வேகத்தில் ஓட்டி, சக்கரத்தில் வந்து சேரும் திறனை அளக்கிறார்கள். கியர்ப் பெட்டியும் அச்சும் டயரும் தத்தம் பங்கைக் கழித்துக்கொள்வதால், எஞ்சினுக்கு 95 என்று குறித்த திறன் சக்கரத்தில் கணிசமாகக் குறைந்தே தெரியும். புதிதாக வருபவர் மனம் வாடுவது இங்கேதான். புகைக்குழாயில் செருகிய மற்றொரு கருவி, ஒவ்வொரு வேகத்திலும் ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று எரிகிறது என்று காட்டுகிறது. எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று இருந்தால் இரண்டும் மிச்சமின்றி எரிந்துவிடும். முழு வலிமை வேண்டுமானால் 13க்கு அருகில் இறங்கவேண்டும்.

இத்தனையும் முடிந்த பிறகு, உரிமையாளர்களில் பாதிப்பேராவது வந்த காரியத்தை மறந்துவிடுவார்கள் என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் அவர்கள் தேடிய வலிமை காரிலேயே புதைந்திருந்தது. எஞ்சியவர்களுக்குத்தான் உண்மையான மேம்பாடு தேவை. அதற்குப் பெரிய தடை எஞ்சினின் தலைப்பகுதி. காற்று நுழைவதற்கு நான்கு சிலிண்டர்களுக்கும் சேர்த்து இரண்டே வாய்கள். புகை வெளியேற மூன்று. இரண்டு வயல்களுக்கு ஒரே மடையிலிருந்து நீர் பாய்ந்தால் முதலில் திறந்தவன் நிறையக் கொண்டுபோவதைப் போல, அடுத்தடுத்து மூச்சிழுக்கும் இரு சிலிண்டர்களும் ஒன்றின் பங்கை மற்றொன்று கவர்ந்துகொள்கின்றன. கைதேர்ந்தவர்கள் இவ்வாய்களின் உட்புறத்தைச் செதுக்கி வழுவழுப்பாக்கி, பெரிய வால்வுகளைப் பொருத்துகிறார்கள். புகைக்குழாயையும் தாராளமானதாக மாற்றுகிறார்கள். சிலிண்டர்களைக் குடைந்து அகலப்படுத்தி, கொள்ளளவை ஏறக்குறைய 1950 கன சென்டிமீட்டருக்கு உயர்த்துவதும் உண்டு. கேம் ஷாஃப்டை மாற்றினால் வால்வுகள் நெடுநேரம் திறந்திருந்து உச்ச வேகத்தில் வலிமை பெருகும். ஆனால் அந்த லாபத்துக்கு ஈடாக, கடைத்தெருவில் மெதுவாகப் போகும்போது எஞ்சின் குலுங்கித் தடுமாறும். பந்தயத்துக்கு ஏற்ற கேம் பால் வாங்கப் போகும் காருக்கு ஆகாது.

சக்தி கூடியவுடன் அதைத் தாங்குவது யார் என்ற கேள்வி எழுகிறது. முன்சக்கர டிஸ்க் பிரேக்குக்கு நல்ல பட்டைகளும் புதிய ரப்பர்க் குழாய்களும் வேண்டும். எம்.ஜி.பி.யின் அதிர்வுதாங்கி, இன்றைய காரிலுள்ளதைப் போன்ற குழாய் அன்று. எண்ணெய் நிரம்பிய பெட்டியிலிருந்து நீளும் ஒரு கை. முன்புறத்தில் அந்தக் கையே சக்கரத்தைத் தாங்கும் மேல் அவயவமாகவும் வேலை செய்வதால், அது தேய்ந்தால் சக்கரத்தின் கோணமே கெட்டுவிடும். எரிபொருளும் பழையபடி இல்லை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு பிரிட்டனில் பொது விற்பனையிலிருந்து நீங்கியது. ஈயத்தின் பாதுகாப்பில் வாழ்ந்த வால்வு இருக்கைகளுக்குப் பதிலாகக் கடினமான உலோக வளையங்களைப் பதிக்கவேண்டியதாயிற்று. 2021 செப்டம்பர் முதல் அங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது பழைய ரப்பரை இளக்கிப் பெட்ரோல் கசியச் செய்யக்கூடியது.

பழமையைக் காப்பதா, புதுமையைப் புகுத்துவதா என்ற தர்க்கம் இத்துறையில் ஓயாது நடக்கிறது. கோயில் ஜீர்ணோத்தாரணத்தில் கருங்கல் தூணுக்கு எனாமல் பெயிண்ட் பூசுகிறவரை நாம் எப்படிப் பார்க்கிறோமோ, அப்படியே பழைமைவாதிகள் அந்நிய எஞ்சின் வைப்பவரைப் பார்க்கிறார்கள். எனினும் அபிங்டன் தொழிற்சாலையே வேகம் கூட்டும் பாகங்களை விற்கத் தனிப் பிரிவு வைத்திருந்தது என்பதையும் மறப்பதற்கில்லை. நல்ல பட்டறைக்காரர்கள் பின்பற்றும் நெறி நடுவானது: எந்த மாற்றமும் திரும்ப அவிழ்க்கத்தக்கதாக இருக்கவேண்டும், கழற்றிய பாகத்தைத் துடைத்து, சீட்டு ஒட்டி, உரிமையாளரிடமே ஒப்படைக்கவேண்டும்.

வேலை முடிந்து வண்டியை எடுக்க வருபவரின் கையில் கொடுக்கப்படும் பில்லில் வேகத்துக்கென்று எழுதிய வரிகள் மிகச் சிலவாகவே இருக்கும். மற்றவை யாவும் புஷ், போல்ட், கேஸ்கெட், பிரேக் குழாய், எண்ணெய், ஊசி என்று நீளும். அதைப் பார்த்து முதலில் முகம் சுளித்தவர், ஊருக்குத் திரும்பும் வழியில், இதுவரை மூன்றாவது கியருக்கு இறக்கியே ஏறிவந்த மேட்டை நான்காவது கியரிலேயே கடந்துவிட்டதை, மேட்டின் மறுபுறம் இறங்கும்போதுதான் கவனிப்பார்.