நிலநடுக்க அபாயமும் குஜராத்தின் முயற்சிகளும்

நிலநடுக்கத்தைத் தடுக்கும் ஆற்றல் எந்த அரசுக்கும் இல்லை. அது எந்நாளில் நிகழும் என முன்னறிவிக்கும் முறையும் கண்டறியப்படவில்லை. ஆகவே, உயிர்ச்சேதத்தைக் குறைக்கும் வழி பெரும்பாலும் வீடு கட்டும் முறையைத் திருத்துவதிலேயே உள்ளது. இவ்வகையில் குஜராத் மாநிலத்தின் அனுபவம் ஆராயத்தக்கது.

2001 ஜனவரி 26-ஆம் நாள் காலை கட்ச் மாவட்டத்தை உலுக்கிய நிலநடுக்கத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அம்மாவட்டத்துக்கு இது புதிதன்று. 1819-லும் 1956-லும் அங்கு பேரழிவு நேர்ந்துள்ளது. கட்டடங்களுக்கான இந்தியத் தர நிர்ணய நெறிகளும் 1960-களிலேயே வகுக்கப்பட்டுவிட்டன. குறை நெறி இல்லாமையன்று. அது கொத்தனாரின் கையை எட்டாமையே. சேற்றுச் சாந்தில் கல் அடுக்கிய கனத்த சுவர்கள் மூலைகளில் பிரிந்து சரிந்தன. அதே வட்டாரத்தில் 'புங்கா' எனப்படும் வட்ட வடிவ மண் வீடுகள் பல நிலைத்து நின்றன என்பது கருதத்தக்கது.

நிலநடுக்கத்தை அடுத்து, 2001 பிப்ரவரியிலேயே மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் நிறுவப்பட்டது. 2003-இல் மாநிலம் தனிச் சட்டம் இயற்றியது. மத்திய அரசின் சட்டம் 2005-இல்தான் வந்தது.

எனினும், சட்டத்தைவிட மிகுந்த பயன் தந்தது நிதி வழங்கிய முறையே எனலாம். வீட்டை உரிமையாளரே கட்டிக்கொள்ள வேண்டும். உதவித்தொகை தவணைகளாகவே கிடைக்கும். பொறியாளர் நேரில் பார்த்துச் சான்றளித்தாலன்றி அடுத்த தவணை விடுவிக்கப்படாது. அடித்தள மட்டத்திலும், கதவு சன்னல்களின் மேல்மட்டத்திலும் சுவர்களை ஒன்றாகப் பிணைக்கும் கான்கிரீட் பட்டை, மூலைகளில் செங்குத்துக் கம்பி ஆகியவை இவ்வாறு சிற்றூர் வீடுகளிலும் இடம்பெற்றன. கொத்தனார்கள் பல்லாயிரவருக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது.

நகரங்களின் நிலை வேறு. நிலநடுக்க மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள அகமதாபாத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் பல இடிந்தன. வாகனம் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைச் சுவரின்றித் தூண்கள் மீது விட்டமை அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. தனியார் கட்டும் மாடிக்கு அரசு தவணை தருவதில்லை. ஆகவே, அதனைக் கட்டுப்படுத்தும் கருவி நகராட்சி அனுமதி ஒன்றே. வரைபடத்தைப் பார்ப்பதோடு ஆய்வு முடிந்துவிட்டால், தூணில் இட்ட கம்பி எவ்வளவு என்பதைக் கான்கிரீட் மூடிய பின்னர் எளிதில் அறிய இயலாது.