கொக்கின் வெண்மையும் காகத்தின் கருமையும்

கொக்கு வெள்ளை, காகம் கறுப்பு என்பதை அறியாத குழந்தை நம் நாட்டில் இல்லை. ஆயினும், பெரும் பொருள் கொடுத்து வாங்கிய கமரா இந்தச் சிறு உண்மையை அறியமாட்டாது. வெயிலில் நின்ற கொக்கைப் படம் பிடித்து வந்து பார்ப்போர், ஒரு படத்திலே சாம்பல் பூத்த பறவையொன்றையும், அடுத்த படத்திலே இறகின் வரி ஒன்றேனும் தெரியாத வெறும் வெள்ளைத் திட்டையும் கண்டு திகைப்பதுண்டு. அதே கமரா பிடித்த காகமோ, நீற்றில் புரண்டெழுந்ததுபோல வெளிறிக் காணப்படும். கருவியில் பழுது இல்லை. அது தனக்கு விதிக்கப்பட்ட வேலையைச் சரிவரவே செய்திருக்கின்றது. அவ்வேலை யாது, அதனை மனிதன் எவ்வாறு திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே காட்டுப் பறவைகளைப் படம் பிடிக்க விரும்புவோர் முதலிற் கற்க வேண்டிய பாடமாகும்.

மன்னார் மாவட்டத்து வங்காலைச் சரணாலயத்தின் சேற்று வெளிகளை நேயர்கள் பலர் அறிந்திருப்பர். ராம்சார் உடன்படிக்கையின் கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2010ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட இடம் அது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் ஊசிவால் வாத்துகளும் உள்ளான்களும் வடநாடுகளிலிருந்து கூட்டங் கூட்டமாக அங்கு வந்து இறங்கும். பூநாரைகள் ஆழமற்ற நீரில் நின்று, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை அரித்து இரை தேடும். இக்காட்சியைக் கண்டவர் எவரும் சற்று நெருங்கிப் பார்க்கவே விரும்புவர். ஆனால், பறவை அதற்கு இடங்கொடாது. மனிதன் கரையில் கால் வைத்தவுடன் கழுத்தை நிமிர்த்தும். சிறிது நெருங்கினால் இரை தேடுவதை விட்டு நடக்கத் தொடங்கும். மேலும் நெருங்கினால் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்துவிடும். நீண்ட வழி வந்த பறவைக்கு இது வீண் அலைச்சல். திரும்பிச் செல்லும் பயணத்துக்காக உடலிற் சேர்க்கும் கொழுப்பை அது ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக இழக்கின்றது. ஆதலின், பறவையை நெருங்காமலே நெருங்கும் வழியொன்று வேண்டியதாயிற்று. அவ்வழியே தொலைவில்லை.

வில்லையின் ஆற்றலைக் குறிப்பது அதன் குவியத்தூரம். 35 மில்லிமீற்றர்ச் சுருள் கமராவில் 50 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள வில்லையைச் சாதாரண வில்லை என்பர். இரண்டடி உயரமுள்ள கொக்கு ஒன்று 30 மீற்றர் தொலைவில் நிற்கின்றது என்று கொள்வோம். சாதாரண வில்லை அதன் உருவத்தைச் சுருளின்மேல் ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் உயரத்திலேயே பதிக்கும். அது ஓர் எள்ளளவும் இல்லை. 500 மில்லிமீற்றர் வில்லையோ அதே உருவத்தைப் பத்து மடங்காக்கி, ஏறத்தாழ 10 மில்லிமீற்றர் ஆக்கும். படச் சட்டத்தின் உயரம் 24 மில்லிமீற்றர் ஆதலால், கொக்கு இப்போது அதன் பாதிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் நிமிர்ந்து நிற்கும்.

இந்த நன்மை இலவசமாகக் கிடைப்பதன்று. பறவையைப் பத்து மடங்கு பெரிதாக்கும் வில்லை, கையின் நடுக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்குகின்றது. இதனால், கையிற் பிடித்து எடுக்கும்போது குவியத்தூரத்தின் எண்ணுக்கு இணையான வேகமாவது வேண்டும் என்பது பழைய விதி; 500 மில்லிமீற்றர் வில்லைக்கு ஒரு செக்கனின் 500இல் ஒரு பங்கு. இந்நாளில் நடுக்கத்தைத் தணிக்கும் பொறிகள் வில்லைக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. ஆயினும், அவை கையின் அசைவைத் தடுக்குமேயன்றிப் பறவையின் அசைவைத் தடுக்கமாட்டா. சிறகடித்துப் பறக்கும் பறவைக்கு 1000இல் ஒரு பங்கு, 2000இல் ஒரு பங்கு எனும் வேகங்கள் தேவைப்படும். தவிர, நீண்ட வில்லை கூர்மையாகக் காட்டும் ஆழம் மிகக் குறைவு. பத்து மீற்றர் தொலைவிலுள்ள மீன்கொத்தியை இவ்வில்லையால் எடுக்கும்போது அந்த ஆழம் ஒரு சாண் அளவுகூட இராது. கண் தெளிவாக அமைந்தால் ஏனைய குறைகளைப் பார்ப்போர் மன்னிப்பர். கண் மங்கினால் மற்றெல்லாம் தெளிவாயிருந்தும் பயனில்லை. நண்பகலிலோ சேற்று வெளியிலிருந்து எழும் வெப்பக் காற்று இடையிலே நெளிந்து, உருவத்தை நீரில் ஆடும் நிழல்போல ஆக்கிவிடும். அதற்கு எந்த வில்லையும் மருந்தன்று. விடியற்காலையில் எழுவதே மருந்து.

இனி, ஒளியைப் பற்றி நோக்குவோம். படத்துக்கு வேண்டிய ஒளியை மூன்று செயல்கள் தீர்மானிக்கின்றன. வில்லையின் துவாரம் எவ்வளவு அகன்றிருக்கின்றது, கமராவின் திரை எவ்வளவு நேரம் திறந்திருக்கின்றது, சுருள் அல்லது மின்னணு உணரி எவ்வளவு ஒளியுணர்திறன் உடையது என்பனவே அவை. குளத்து மதகைத் திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் கமக்காரனுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. வாயை அகலத் திறந்து சிறிது நேரம் விட்டாலும், ஒடுக்கமாகத் திறந்து நெடுநேரம் விட்டாலும், வயலில் நிற்கும் நீர் ஒன்றே. கூடினால் பயிர் அழுகும், குறைந்தால் வாடும். ஆங்கிலத்தில் ‘எக்ஸ்போஷர்’ எனப்படும் இவ்வளவை ஒளியளவு என்று தமிழிற் கூறலாம். அதனை இருமடங்காக்குவதையோ பாதியாக்குவதையோ ஒரு படி என்று சொல்வது வழக்கம்.

இவ்வளவை அறிவதற்குக் கமராவினுள்ளே ஒளிமானி ஒன்று இருக்கின்றது. பறவையின்மேல் விழும் ஒளியை அது அளப்பதில்லை. பறவையிலும் அதன் சூழலிலும் பட்டுத் திரும்பி வரும் ஒளியையே அளக்கின்றது. முன்னால் உள்ளது யாதாயினும், அது தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பங்கைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று கொண்டு அது கணக்கிடும். புல்வெளி, செங்கல் வீடு, மனிதக் கூட்டம் ஆகியவற்றுக்கு இக்கணக்கு பெரும்பாலும் பொருந்தும். கொக்கின் இறகோ தன்மேல் விழும் ஒளியிற் பெரும் பங்கைத் திருப்பி அனுப்புவது. சட்டம் நிறையக் கொக்கு நின்றால், ஒளி மிகுந்துவிட்டது என்று எண்ணி மானி அளவைக் குறைத்துவிடும்; கொக்கு சாம்பலாகும். காகம் நிறைந்து நின்றால், இருட்டு என்று எண்ணி அளவைக் கூட்டிவிடும், காகம் வெளிறிப்போகும். ஆகவே, கொக்குக்கு மானி சொல்வதைவிட ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்ட வேண்டும். காகத்துக்கு அவ்வாறே குறைக்க வேண்டும்.

இவ்வளவில் பாடம் முடிந்தது என்று நினைப்பவர் அடுத்த நாளே ஏமாறுவர். அதே கொக்கு, அதே வெயிலில், கண்டல் மரங்களின் கரிய நிழலுக்கு முன்னே சிறிதாக நிற்கின்றது. இப்போது சட்டத்தை நிறைப்பது இருள். மானி இருளைப் பார்த்து அளவைக் கூட்டுகின்றது. படம் பிடிப்பவரும் நேற்றுக் கற்ற விதியின்படி மேலும் ஒரு படி கூட்டுகின்றார். கொக்கு வெந்நீறாகிவிடுகின்றது, கழுத்தின் வளைவும் முதுகின் மெல்லிய தூவியும் மறைந்து, வெட்டி ஒட்டிய காகிதம்போல எஞ்சுகின்றது. இங்கே கூட்டியிருக்கக் கூடாது. ஒன்று அல்லது இரண்டு படி குறைத்திருக்க வேண்டும். பறவையின் நிறத்தை மட்டும் பார்த்து விதி வகுப்பதாற் பயனில்லை. பறவை எவ்வளவு இடத்தை நிரப்புகின்றது, எஞ்சிய இடத்தில் இருப்பது யாது என்பவற்றையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

பறக்கும் பறவையிலே இச்சிக்கல் மேலும் பெருகும். நீரிலிருந்து எழுந்த நாரை, முதலிற் கரிய மரங்களின் முன்னாகவும், அடுத்துப் பளபளக்கும் நீரின் மேலாகவும், பின்னர் வெண்மேகத்தின் கீழாகவும் சில செக்கன்களிற் கடந்து செல்கின்றது. மானி மூன்று இடங்களில் மூன்று விடை கூறுகின்றது. ஆயினும், நாரையின்மேல் விழுந்த வெயில் மூன்று இடத்திலும் ஒன்றே. மாறியது பின்னணி மட்டுமே. இதனை உணர்ந்தவர் கமராவின் தன்னியக்கத்தை நிறுத்தி, வெயிலுக்கு ஏற்ற அளவைத் தம் கையாலேயே ஒருமுறை வைத்துவிட்டு, வெயில் மாறும்வரை அதனைத் தொடாதிருப்பர்.

வெயிலுக்கு ஏற்ற அளவை அறிவது எவ்வாறு? மானி இல்லாத காலத்தில் வழங்கிய எளிய விதி இன்றும் பிழைப்பதில்லை. வானம் தெளிந்து, கதிரவன் நன்கு மேலேறி, படம் பிடிப்பவரின் முதுகுப்புறத்தே நிற்கும்போது, துவாரத்தை எஃப் 16இல் வைத்து, திரையின் வேகத்தை ஒளியுணர்திறனின் எண்ணுக்கு இணையாக வைத்தல் வேண்டும். உணர்திறன் 400 ஆயின் வேகம் 400இல் ஒரு பங்கு. பறவைக்கு அவ்வேகம் போதாது எனில், துவாரத்தை இரண்டு படி அகற்றி எஃப் 8இல் வைத்து, வேகத்தை 1600இல் ஒரு பங்காக்கலாம், ஒளியளவு மாறாது. தூய வெள்ளைப் பறவைக்கு இதிலிருந்து ஒரு படி குறைத்து 3200இல் ஒரு பங்கு என்று வைத்தால் இறகின் வரிகள் நிற்கும். கரிய பறவைக்கு ஒரு படி கூட்டி 800இல் ஒரு பங்கு என்று வைத்தால் சிறகின் மினுமினுப்புத் தோன்றும். கதிரவன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் ஒன்றிரண்டு படி கூட்ட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. பறவை நிற்கும் அதே வெயிலிலே உள்ளங்கையை விரித்து, மானியால் அளந்து, அது காட்டுவதைவிட ஒரு படி கூட்டினால் நடுத்தர அளவு கிடைக்கும். உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி வெளிறியது என்பதே இதன் காரணம்.

முன்னே, மானி வழி நடப்பவர் கொக்குக்குக் கூட்ட வேண்டும் என்று கூறி, இங்கே வெயிலின் விதி வழி நடப்பவர் குறைக்க வேண்டும் என்று கூறுவது முரணன்று. மானி கொக்கைப் பார்த்து அளவுக்கு மிஞ்சிக் குறைத்துவிட்டது. ஆதலின் சிறிது திருப்பிக் கொடுக்கின்றோம். வெயிலின் விதியோ கொக்கைப் பார்க்கவே இல்லை; ஆதலின் அதன் வெண்மைக்காகச் சிறிது எடுத்துக்கொள்கின்றோம். இரு வழியும் சென்று சேரும் இடம் ஒன்றே.

இவ்வளவு கவனம் வெண்மைக்கு ஏன் என்று கேட்கலாம். டிஜிற்றல் கமராவின் உணரியில் ஓர் எல்லைக்கு மேல் ஒளி நிறைந்தால், அங்கே இருந்த வேறுபாடுகள் யாவும் அழிந்துவிடும். அழிந்ததை எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. இருண்ட பகுதியையோ பின்னர் ஓரளவு வெளிச்சமாக்கிக்கொள்ளலாம். நேர்ப்படச் சுருளுக்கும் இதுவே நியாயம். எதிர்ப்படச் சுருளின் இயல்பு வேறு. அது மிகுந்த ஒளியை ஒருவாறு தாங்கும், நிழலிற் குறைந்த ஒளியையே தாங்காது. இன்றைய கமராக்கள் சிலவற்றில், எடுக்கப்போகும் படத்தின் வெளிச்சத்தை முன்னதாகவே பார்க்கலாம்; அளவு மீறிய வெண்மை மின்னி எச்சரிக்கும்; பறவையின் கண்ணைக் கருவியே தேடிக் குவியப்படுத்தும். இவை பெரும் துணைகளே. எனினும், எச்சரிக்கை மின்னுவதைக் கண்டு எந்தப் பக்கம் திருத்துவது என்று ஆராயும் நேரத்துக்குள் பறவை போய்விடும். விதியை முன்னரே மனத்தில் வைத்திருப்பவருக்கே அந்தத் துணையும் பயன்படும்.

பறவையை உயிருடன் விட்டு அதன் உருவை மட்டும் கொண்டுவருதல் மனிதனுக்கு எளிதில் வந்த பழக்கமன்று. அமெரிக்கப் பறவைகளை வரைந்து பெரும்புகழ் பெற்ற ஓடுபன், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், தாம் வரைந்த பறவைகளைச் சுட்டு வீழ்த்தி, கம்பியினால் நிறுத்திவைத்தே வரைந்தார். அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ரிச்சர்ட், செரி கியர்ற்றன் எனும் சகோதரர் பாரமான கமராவைச் சுமந்து மலைமுகடுகளிலும் மரங்களிலும் ஏறினர். அவர்கள் படங்களுடன் வெளியிட்ட பறவைக் கூடுகள் பற்றிய நூல் 1895ஆம் ஆண்டில் வெளிவந்தது. தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவரான அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியதோடு, கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். நிறத்தின் துணையில்லாத அத்தகைய படத்தில் ஒளியின் ஏற்றத்தாழ்வே எல்லாம். அங்கே அளவு பிழைத்தால் மறைப்பதற்கு வேறொன்றும் இல்லை.

துப்பாக்கி போய்க் கமரா வந்ததனால் பறவைக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்றும் கூறுவதற்கில்லை. கூட்டைத் தெளிவாகக் காட்டும் ஆசையால், அதனை மறைத்து நிற்கும் ஓர் இலைக் கொத்தை ஒடிப்போர் உண்டு. அந்த இலைக் கொத்தே குஞ்சுகளுக்கு நிழல். காகத்தின் கண்ணிலிருந்து அவற்றைக் காத்த திரையும் அதுவே. வெறும் மணலில் முட்டையிடும் ஆலாக்களும் ஆட்காட்டிகளும் நண்பகலில் முட்டையின்மேல் நிற்பது அடைகாத்துச் சூடேற்றுவதற்காக அன்று. தம் நிழலால் வெயிலைத் தடுப்பதற்காகவே. படம் பிடிப்பவர் அருகில் நிற்கும் நேரமெல்லாம் தாய்ப்பறவை வானில் வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருக்க, கீழே முட்டை வெயிலில் வேகின்றது. இத்தகைய தாயின் சீற்றத்தை ஆங்கிலேயப் படக்கலைஞர் எரிக் ஹொஸ்கிங் தம் உடலிலேயே அறிந்தார். 1937ஆம் ஆண்டில், கூட்டருகே அவர் அமைத்திருந்த மறைவிடத்துக்கு இரவில் சென்றபோது, ஆந்தையொன்று பாய்ந்து தாக்கியதால் இடக்கண்ணை இழந்தார். அதன் பின்னரும் அவர் நெடுங்காலம் பறவைகளையே படம் பிடித்துவந்தார்.

ஆகவே, நீண்ட வில்லையை வாங்குபவர், பறவையின் வாழ்விலே தலையிடாதிருப்பதற்கான தூரத்தையும் அதனுடன் வாங்கியவராவார். அத்தூரத்தை மதித்து, காற்று அடங்கிய காலை வேளையில், மோட்டார் வண்டியினுள்ளோ மறைப்பின் பின்னோ அசையாதிருப்பவரிடம் பறவை தானாகவே நெருங்கி வருவதுண்டு. காத்திருத்தலுக்குக் கொக்கையே உவமை கூறிவந்தவர் தமிழர். அவ்வாறு காத்திருக்கும் நேரத்திலே வெயிலைப் பார்த்து, உள்ளங்கையை விரித்து அளந்து, அளவை வைத்துக்கொள்ளலாம். பறவை வரும்போது செய்ய வேண்டிய வேலை ஒன்றே எஞ்சியிருக்கும். அது முடிந்த பின்னும் கொக்கு அதே இடத்தில், வந்தவர் ஒருவர் உண்டு என்று அறியாமலே மீன் பார்த்து நிற்குமாயின், படம் நன்றாகவே எடுக்கப்பட்டது எனலாம்.