பனிக்கட்டி குடியிருந்த வீடு

சென்னைக் கடற்கரைச் சாலையில் திருவல்லிக்கேணிக்கு அருகே, வட்ட முகப்புடன் நிற்கும் கட்டடத்தைப் பலரும் பேருந்திலிருந்தே பார்த்திருப்பீர்கள். இன்று அது விவேகானந்தர் இல்லம். ஆனால் அம்பத்தூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு இன்னமும் அது ‘ஐஸ் ஹவுஸ்’தான்.

பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர் அதை 1842-ல் எழுப்பினார். அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டி, கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பியவர் அவர். 1833-ல் கல்கத்தாவுக்குப் புறப்பட்ட முதல் கப்பலில் 180 டன் ஏற்றினார்கள். நான்கு மாதங்களுக்குப்பின் ஏறத்தாழ 100 டன் எஞ்சி வந்து சேர்ந்தது! சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வரவேண்டும்.

இது எப்படி இயன்றது? ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் தேவை. மரத்தூளைச் சுற்றிலும் அடைத்தால் அதனிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் உள்ளே விடுவதில்லை. கரையிறங்கியபின் அப்பணியைத் தடித்த செங்கற் சுவர்கள் ஏற்றுக்கொண்டன. வகுப்பில் ‘உள்ளுறை வெப்பம்’ என்று மனப்பாடம் செய்தேனே தவிர, அதை ஒரு வீடாக நான் நினைத்ததில்லை.

என் தந்தையார் கொத்தனார். சென்ற கோடையில் அவரையும் அழைத்துச் சென்றிருந்தேன். கண்காட்சியை விட்டுவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “சிமெண்டு இல்லாத காலத்து வேலைம்மா. சுண்ணாம்போட கடுக்காயும் வெல்லமும் ஊறவெச்ச தண்ணிய ஊத்தி அரைப்பாங்க. அரைக்கிறவன் கைதான் கணக்கு” என்றார். எங்கள் பாடநூலில் அந்தக் கணக்கு இல்லை.

நீராவி இயந்திரத்தால் இங்கேயே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் டியூடர் வாணிகம் படுத்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, சன்னல்களும் தாழ்வாரங்களும் அமைத்து ‘காஸில் கெர்னன்’ எனப் பெயரிட்டார். வெப்பத்தை வெளியே நிறுத்தக் கட்டிய சுவரில் காற்றுக்கு வழி திறப்பது எளிய வேலையன்று என்பது தந்தையார் கருத்து. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்குத் தங்கினார். அதன் நினைவாகவே 1963-ல் அரசு இப்போதைய பெயரைச் சூட்டியது. 1997 முதல் இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் உள்ளது.

என் மனம் நின்றதோ இடைப்பட்ட காலத்தில். குழந்தைப் பருவத்திலேயே விதவையாகி, 1911-ல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப் போன்ற சிறுமியரைச் சேர்த்துப் படிக்கவைத்த இல்லம் இங்கே நடந்தது. 1917-ல் அரசு அதற்கெனவே இக்கட்டடத்தை வாங்கியது. மூலையில் முடங்கவேண்டிய சிறுமியர் இந்த அறைகளில் பள்ளிப்பாடம் படித்தனர், சிலர் ஆசிரியைகளாயினர்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தச் செய்தியைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். சுவரிலிருந்து கையை எடுக்காமலே, “இன்னொரு தடவை படி” என்றார்.